கருவிலேயே குடியேறும் எதிரி

சினைப் பசுவுக்கு இரண்டு நாள் லேசான காய்ச்சல், அவ்வளவுதான். வயிற்றிலிருக்கும் கன்றோ சாகும்வரை வைரஸைச் சுமக்கிறது. தொழுவத்தையே நோய்க்களமாக்கும் இந்த ரகசியக் கடத்தலைப் பற்றி மாடு வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

மாட்டுச் சந்தையில் சினைப் பசுவுக்கு எப்போதுமே தனி மரியாதை. ராஜஸ்தானின் நாகௌர் ஆகட்டும், பீகாரின் சோன்பூர் ஆகட்டும், தமிழ்நாட்டின் பொள்ளாச்சி ஆகட்டும், காட்சி ஒன்றுதான். வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். மடியைத் தடவி, பால் நரம்பு எவ்வளவு தடிப்பாக ஓடுகிறது என்று கவனிக்கிறார். கடைசியாக வருகிறது முக்கியமான கேள்வி: "எத்தனை மாசச் சினை?" பதில் திருப்தியாக இருந்தால் துண்டுக்கடியில் விரல்கள் பேசிக்கொள்கின்றன. பேரம் முடிகிறது. ஒரு விலைக்கு இரண்டு உயிர். வாங்கியவர் முகத்தில் சந்தோஷம்.

ஆனால் அந்த இரண்டில் ஒன்றைத்தான் அவர் பார்த்திருக்கிறார். பார்க்காத அந்த இன்னொன்று, அவருடைய தொழுவத்துக்கு ஒரு வைரஸையும் சேர்த்துக் கொண்டுவரக்கூடும். மாட்டு வைரஸ் கழிச்சல் என்று அதற்குப் பெயர். கால்நடை மருத்துவர்கள் சுருக்கமாக பி.வி.டி. என்கிறார்கள். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. இதில் கழிச்சல் சின்ன விஷயம். நோயின் உண்மையான விளையாட்டு கருப்பைக்குள் நடக்கிறது.

இந்த நோயை முதன்முதலில் அடையாளம் கண்டது அமெரிக்காவில். 1946ல் நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவர்கள், காய்ச்சலும் கழிச்சலும் கருச்சிதைவுமாக ஒரு புது நோய் மாடுகளிடையே பரவுவதாக எழுதினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து அயோவாவில் இன்னொரு நோய் தென்பட்டது. வாயிலும் குடலிலும் புண், ரத்தக் கழிச்சல், சில நாள்களில் மரணம். இதற்கு மியூகோசல் நோய் என்று பெயர் வைத்தார்கள். முதலாவது மந்தை முழுவதும் பரவியது, ஆனால் அதிகம் கொல்லவில்லை. இரண்டாவது மந்தையில் ஓரிரு மாடுகளைத்தான் பிடித்தது, ஆனால் பிடித்ததை விடவில்லை. இரண்டும் ஒரே வைரஸின் வேலை என்று பிற்பாடு தெரியவந்தபோது விஞ்ஞானிகள் குழம்பிப் போனார்கள். ஒரே வைரஸ் எப்படி ஒரு மாட்டுக்குச் சளியாகவும் அடுத்த மாட்டுக்கு எமனாகவும் இருக்க முடியும்?

விடை கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1984ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் பரிசோதனை மூலம் நிரூபித்துக் காட்டினார்கள்: மியூகோசல் நோயில் சாகும் மாடு அதற்குச் சில நாள் முன்பு நோய்வாய்ப்பட்டதல்ல. தாயின் வயிற்றில் இருந்தபோதே அது வைரஸின் பிடிக்குள் வந்துவிட்டது.

நடப்பது இதுதான். மூன்று மாதச் சினையாக இருக்கும் பசுவுக்கு வைரஸ் தொற்றுகிறது. லேசாகக் காய்ச்சல், மூக்கில் நீர், பால் கொஞ்சம் குறைகிறது. பல பசுக்களில் அதுகூடத் தெரிவதில்லை. இரண்டு வாரத்தில் பசுவின் உடல் எதிர்ப்புப் புரதங்களை உற்பத்தி செய்து வைரஸைத் துடைத்துவிடுகிறது. பசு பிழைத்தது. அதற்குள் வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குள் போய்விட்டது.

இங்கேதான் இயற்கையின் ஒரு விநோதம். பசுவின் நஞ்சுக்கொடி கெட்டியான தடுப்புச்சுவர். மனிதத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் கருவிலேயே குழந்தைக்குப் போய்ச் சேரும். பசுவில் அது நடக்காது. அதனால்தான் பிறந்த கன்றுக்குச் சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தே ஆகவேண்டும் என்று மருத்துவர்கள் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார்கள். தாயின் பாதுகாப்பை உள்ளே விடாத அதே சுவர், வைரஸுக்கு மட்டும் வழி விட்டுவிடுகிறது.

உள்ளே போன வைரஸ் என்ன செய்யும் என்பது சினையின் வயதைப் பொறுத்தது. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள்.

* முதல் ஓரிரு மாதம்: கரு தங்காமல் போகலாம். பசு மறுபடி பருவத்துக்கு வருகிறது. "சினை நிற்கவில்லை" என்று சொல்லி விவசாயி மறுபடியும் சினை ஊசி போடுகிறார்.

* முதல் மாதம் முடிந்ததிலிருந்து நான்காம் மாதம் வரை: கரு இறக்கலாம். இறக்காவிட்டால் அதைவிட ஆபத்து. கன்று வாழ்நாள் முழுவதும் வைரஸைச் சுமந்தபடி பிறக்கும்.

* நான்காவது, ஐந்தாவது மாதம்: மூளையும் கண்ணும் உருவாகும் நேரம். சிறுமூளை வளராமல் தள்ளாடும் கன்றுகளும் பார்வையற்ற கன்றுகளும் பிறக்கலாம்.

* ஆறாவது மாதத்துக்குப் பின்: கரு தானே எதிர்த்துப் போராடும் திறன் பெற்றுவிடுகிறது. பெரும்பாலும் ஆரோக்கியமான கன்று பிறக்கும்.

இவற்றில் நோயின் ஆணிவேர் இரண்டாவது கட்டம். அந்தச் சமயத்தில்தான் கருவின் நோய் எதிர்ப்பு மண்டலம் பாடம் படிக்கிறது. எது தன்னுடையது, எது அந்நியம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் வைரஸும் போய் உட்கார்ந்துவிட்டால், அதுவும் வீட்டு ஆள் என்றே உடல் முடிவு செய்துவிடுகிறது. பிறகு சாகும்வரை அதை எதிர்ப்பதில்லை. கன்றின் எச்சில், மூக்குநீர், சாணம், சிறுநீர், பால், விந்து எல்லாவற்றிலும் வைரஸ் கோடிக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

பார்வைக்கு? சில கன்றுகள் நோஞ்சானாக, வளர்ச்சி குன்றி இருக்கும். சில கன்றுகள் மற்ற கன்றுகளைப் போலவே துள்ளித் திரியும். பல இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் வைரஸ் ஒருநாள் உருமாறி, மியூகோசல் நோயாக வெடிக்கும்போது மருந்தேதும் பலிப்பதில்லை. ஆனால் சில கிடாரிகள் தப்பிப் பிழைத்துப் பருவத்துக்கு வந்து சினையும் பிடிக்கின்றன. அவை ஈனும் கன்று ஒவ்வொன்றும் தாயைப் போலவே நிரந்தர நோய்க்கடத்தி. பரம்பரைச் சொத்து மாதிரி.

வழக்கமான ரத்தப் பரிசோதனையையும் இந்தக் கன்று ஏமாற்றிவிடும். பொதுவாக ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் நோய் வந்து போயிருக்கிறது, இல்லாவிட்டால் வரவேயில்லை என்று அர்த்தம். நிரந்தரத் தொற்றுள்ள கன்றோ எதிர்ப்புப் புரதம் தயாரிப்பதே இல்லை. பரிசோதனையில் மந்தையிலேயே சுத்தமான மாடாகத் தெரிவது அதுவாகவே இருக்கக்கூடும். குற்றவாளிக்கு நன்னடத்தைச் சான்றிதழ்! வைரஸையே நேரடியாகத் தேடும் சோதனை செய்தால்தான் அகப்படும். கன்றின் காதிலிருந்து ஒரு சிட்டிகை தசை போதும்.

தாய்ப் பசுவின் கதை இன்னும் சிக்கல். அதன் ரத்தத்தில் வைரஸ் இருக்காது. எதிர்ப்புப் புரதம் நிறைய இருக்கும். எந்தச் சோதனைக்கு அனுப்பினாலும் "நோயிலிருந்து மீண்ட பசு" என்றுதான் முடிவு வரும். வயிற்றில் இருப்பது என்ன என்பது கன்று தரையில் விழுந்த பிறகே தெரியும். சந்தைக்குச் சந்தை, மாநிலத்துக்கு மாநிலம் லாரியில் ஏற்றிச் செல்லப்படும் சினைப் பசுக்கள் இந்த வைரஸுக்கு இலவசப் பயணச்சீட்டு.

இந்தியாவில் இந்த வைரஸ் புதிய விருந்தாளி அல்ல. 1980களிலேயே ஒரிசாவில் மாடுகளின் ரத்தத்தில் அதன் தடயம் கிடைத்தது. பிறகு போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, இமயமலைச் சாரலின் யாக் எருது என்று பல இனங்களில் அதைக் கண்டறிந்தார்கள். ஒரு வகை மட்டுமல்ல, மூன்று வகைகளுமே இங்கே இருக்கின்றன. மூன்றாவது வகையான ஹோபி வைரஸின் கதை சுவாரஸ்யமானது. பிரேசிலிலிருந்து வந்த, கருக்கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் அது இருப்பதை ஜெர்மன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2004ல் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடங்களில் செல்களை வளர்க்கவும் தடுப்பூசி தயாரிக்கவும் உலகெங்கும் பயன்படும் சரக்கு இந்த சீரம். கருவில் நுழைந்த வைரஸ் மருந்துத் தொழிற்சாலை வாசல்வரை வந்துவிடக்கூடும் என்பது அப்போது உறைத்தது.

இருந்தும் இந்திய விவசாயிக்கு இந்த நோயின் பெயர்கூடத் தெரியாது. காரணம் எளிது. இது கோமாரி மாதிரி வாயில் நுரை தள்ளி, காலில் புண் வைத்து, ஊரையே கூட்டுவதில்லை. ஒரு பசுவுக்குச் சினை நிற்கவில்லை. இன்னொன்று கன்றை வீசிவிட்டது. மூன்றாவது ஈன்ற கன்று எழுந்து நிற்கவில்லை. சத்துக் குறைவு, வெயில், ஊசி போட்டவரின் கைராசி, கண் திருஷ்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. எல்லாவற்றையும் கோக்கும் நூல் தொழுவத்தின் மூலையில் அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கும் ஒரு கிடாரியாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த வைரஸ் மனிதருக்கு நோய் தருவதில்லை, பால் குடிப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. அதுவும் நோய் கவனிக்கப்படாமல் போக ஒரு காரணம்.

நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் வடிகிறது. ஒரு பசு ஒருமுறை சினை தவறினால் விவசாயிக்கு மூன்று வாரம் போகிறது. ஐந்தாவது மாதத்தில் கன்றை வீசினால் கிட்டத்தட்ட ஒரு வருடப் பால் போகிறது. தீவனச் செலவு மட்டும் நிற்பதில்லை. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேல் மாடுகளும் சுமார் 11 கோடி எருமைகளும் இருக்கின்றன. பெரும்பாலானவை இரண்டு மூன்று உருப்படி வைத்திருக்கும் சிறு குடும்பங்களின் கொட்டில்களில். அவர்களுக்கு ஒரு பசு என்பது பள்ளிக் கட்டணமும் மளிகைப் பாக்கியும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சினை ஊசிக்கான உறைவிந்து தயாரிக்கும் நிலையங்களில் காளைகளை பி.வி.டி. உள்ளிட்ட பல நோய்களுக்குச் சோதிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அது அவசியமான விதி. ஒரு காளையிடமிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான ஊசிகளுக்கு விந்து எடுக்கிறார்கள். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி குளிரிலும் வைரஸ் சாவதில்லை. நோயுள்ள ஒரே ஒரு காளை பல மாவட்டங்களுக்கு வினை விதைத்துவிடும்.

ஆனால் கவனம் காளையோடு நின்றுவிட்டது. 2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் நரேந்திர மோடி ஒரே நாளில் இரண்டு பெரிய திட்டங்களைத் தொடங்கிவைத்தார். ஒன்று கோமாரியையும் புருசெல்லோசிஸ் எனும் கருச்சிதைவு நோயையும் ஒழிக்க 13,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிடும் தடுப்பூசித் திட்டம். இன்னொன்று நாடு தழுவிய செயற்கைக் கருவூட்டல் திட்டம். கரு உண்டாக்க ஒன்று, கரு கலையாமல் காக்க ஒன்று. கருவுக்குள் புகும் பி.வி.டி. முதல் திட்டத்தின் பட்டியலில் இல்லை.

கருப்பை வழியைக் கண்டுபிடித்த வைரஸ் இது ஒன்றுதான் என்றும் இல்லை. 2011 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் ஷ்மாலன்பெர்க் ஊர்ப் பகுதிப் பசுக்களுக்குக் காய்ச்சல் வந்து பால் குறைந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே ஐரோப்பியப் பண்ணைகளில் கால் மடங்கி, கழுத்து திருகிய ஆட்டுக்குட்டிகள் செத்துப் பிறக்கத் தொடங்கின. கண்ணுக்கே தெரியாத சிறு கடிப்பூச்சி ஒன்று தாய்களுக்கு வைரஸைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அதே பூச்சியினம் பரப்பும் நீலநாக்கு நோய், 2008ல் நெதர்லாந்திலிருந்து வாங்கிவந்த சினைப் பசுக்களின் வயிற்றுக்குள் இருந்தபடி கடல் தாண்டி வட அயர்லாந்துக்குள் நுழைந்தது.

இந்தியாவிலேயே பன்றிக் காய்ச்சல் இதற்குச் சரியான உதாரணம். அதன் வைரஸ் பி.வி.டி.க்கு நெருங்கிய உறவு. வீரியம் குறைந்த வைரஸ் சினைப் பன்றியைத் தொற்றினால் தாய் நன்றாகவே இருக்கும். குட்டிகள் மாதக்கணக்கில் நோயைப் பரப்பிக்கொண்டு திரியும். 2019 கணக்கெடுப்பில் நாட்டிலேயே அதிகமாக, சுமார் 21 லட்சம் பன்றிகள் இருந்த அசாமில், ஏழைக் குடும்பங்களின் சேமிப்பை அடிக்கடி துடைத்துச் செல்லும் நோய் இது.

இவற்றை ஒழிக்க முடியாதா? முடியும் என்று காட்டியிருக்கிறது ஐரோப்பா. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகள் 1990களின் தொடக்கத்தில் பி.வி.டி.யைக் குறிவைத்தன. தடுப்பூசியே போடவில்லை. பண்ணையின் மொத்தப் பாலைச் சோதித்து, சந்தேகமான பண்ணைகளில் நிரந்தரத் தொற்றுள்ள மாடுகளைத் தேடிப்பிடித்து அகற்றின. புதிதாக மாடு வாங்குவதற்குக் கட்டுப்பாடு வைத்தன. நோய் ஒழிந்தது. அயர்லாந்து 2013 முதல் பிறக்கும் ஒவ்வொரு கன்றையும் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. காதில் அடையாள வில்லை குத்தும்போதே கருவி ஒரு துளி தசையை எடுத்துக்கொள்ளும். விவசாயி அதைத் தபாலில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். முதல் ஆண்டில் ஆயிரம் கன்றுக்கு ஏறக்குறைய ஏழு அகப்பட்டன. பத்தாண்டுக்குள் அது ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

இந்தியா அதை அப்படியே காப்பியடிக்க முடியாது. அங்கே "அகற்றுவது" என்றால் கொல்வது. இங்கே பெரும்பாலான மாநிலங்களில் பசுவைக் கொல்லச் சட்டம் இடம் தராது, பல வீடுகளில் மனசும் இடம் தராது. வேண்டாத மாடு ஒன்று விற்கப்படும், அல்லது தெருவில் விடப்படும், அல்லது கோசாலைக்குப் போகும். நிரந்தரத் தொற்றுள்ள மாட்டைப் பொறுத்தவரை மூன்றுமே நோயை ஊர் ஊராக அனுப்பும் வழிதான். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கண்டுபிடித்த மாட்டைச் சாகும்வரை தனியே வைத்துப் பராமரிக்க ஒரு ஏற்பாடும் பணமும் வேண்டும். அந்தப் பொறுப்பை இரண்டு மாடு வைத்திருக்கும் விவசாயி தலையில் கட்டினால் அவர் உண்மையைச் சொல்லவே மாட்டார்.

இந்தியாவுக்குச் சாதகமான அம்சமும் உண்டு. இரண்டு மூன்று மாடுகள் மட்டும் உள்ள கொட்டிலில் வைரஸுக்குப் புதிய இரை சீக்கிரம் தீர்ந்துவிடும். நிரந்தரத் தொற்றுள்ள கன்று இறந்ததும் நோயும் தானாகவே மறையக்கூடும். அது நிலைத்து வாழ்வதற்கு ஏற்ற இடம், பல ஊர் மாடுகள் ஒன்றாகக் கூடும் பெரிய பண்ணைகளும் கோசாலைகளும் சந்தைகளும்தான். ஆகவே எல்லா மாட்டையும் சோதிக்க வேண்டியதில்லை. அரசுப் பண்ணைகளிலும் பெரிய பால் பண்ணைகளிலும் பிறக்கும் கன்றுகளிலிருந்து தொடங்கலாம். புதிதாக வாங்கிய பசுவை மூன்று நான்கு வாரம் தனியாகக் கட்டலாம். சினையோடு வாங்கியிருந்தால் கன்று பிறக்கும்வரை மற்ற சினை மாடுகளோடு சேர்க்காமல் இருப்பதும், பிறந்த கன்றின் காதுத் தசையைச் சோதித்த பிறகே மந்தையில் விடுவதும் புத்திசாலித்தனம்.

இதற்கு ஆதாரமான ஒரு வேலையை நாடு ஏற்கனவே செய்துவருகிறது. 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை கோடிக்கணக்கான மாடுகளின் காதில் ஆடிக்கொண்டிருக்கிறது. காதைத் துளைத்தாகிவிட்டது. அந்தத் துளையிலிருந்து ஒரு சிட்டிகை தசையை எடுத்து, முதலில் பெரிய பண்ணைகளிலாவது, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதுதான் பாக்கி.

முன்னுதாரணமும் வீட்டிலேயே இருக்கிறது. லட்சக்கணக்கான மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகத் தென்பட்டது 1995ல், தமிழ்நாட்டில். 2011ல் உலகிலிருந்தே அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வெக்கை நோயை வெல்ல முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், பிழைத்த மாடு அந்த வைரஸைத் தொடர்ந்து சுமப்பதில்லை என்பது. அது ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பி.வி.டி.க்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது, தாயின் வயிறு. அங்கே தேடாதவரை இந்த நோய்க்கு முடிவில்லை.

சந்தையில் அந்தப் பழைய கேள்வி இனியும் கேட்கப்படும்: எத்தனை மாசச் சினை? அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழக வேண்டிய காலம் இது. சினையின் முதல் நான்கு மாதம் இந்தப் பசு எங்கே, யாரோடு கட்டப்பட்டிருந்தது?